ஒரே மாதிரி இரண்டு லேப்டாப்: அன்றாட வேலையில் எது முந்தும்?

கடை மேசையில் இரண்டு லேப்டாப்கள் திறந்திருக்கின்றன. இரண்டிலும் ஐ5 ஸ்டிக்கர், 8 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 15.6 அங்குலத் திரை. விலையில் மூவாயிரமோ நாலாயிரமோ வித்தியாசம். "ரெண்டும் ஒண்ணுதான் சார், கலர் பார்த்து எடுத்துக்குங்க" என்கிறார் விற்பனையாளர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையிலிருக்கும் விலை அட்டையின்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் வாங்கி ஆறு மாதம் ஆனபின் ஒன்றில் கூகுள் மீட் ஓடிக்கொண்டிருக்கும்போது எக்செல் திறந்தால் படம் உறைந்து நிற்கும், மற்றதில் நிற்காது. அந்த வித்தியாசத்தை வாங்குவதற்கு முன்பே, அல்லது வாங்கிய முதல் வாரத்திலேயே, கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இந்த இயல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ரகத்து இரண்டு லேப்டாப்களை ஒப்பிடும்போது, ஸ்டிக்கரில் பெரிதாக அச்சடித்திருக்கும் சிப்பின் பெயரைக் கடைசியாகப் பார்த்தால் போதும். ராம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, எஸ்.எஸ்.டி. எந்தத் தரம், சிப்புக்கு எத்தனை வாட் ஓடவிட்டிருக்கிறார்கள், சூடு எப்படி வெளியேறுகிறது என்ற நான்கும்தான் தினசரி வேகத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த நான்கில் பாதி, விலை அட்டையில் இருக்கவே இருக்காது.

பெயர் ஒன்று, உள்ளே வேறு

சிப்பைக் கடைசியாகப் பாருங்கள் என்றேன். அதற்கு முன் ஒரு காரியம்: இரண்டும் உண்மையிலேயே ஒரே ரகம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இங்கே ஏமாறுபவர்கள் அதிகம்.

ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்தான் வித்தியாசம். ஆனால் 7520யு சிப்பில் 4 கோர்கள், 7530யு சிப்பில் 6 கோர்கள். முதலாவதில் எல்3 கேஷ் நினைவகம் 4 எம்.பி., இரண்டாவதில் 16 எம்.பி. காரணம் அந்த மூன்றாவது இலக்கம். ஏ.எம்.டி.யின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்கட்டமைப்பின் தலைமுறையைச் சொல்லும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. முதல் இலக்கமான 7, எந்த ஆண்டு வரிசையில் விற்கிறார்கள் என்பதை மட்டுமே காட்டுகிறது. ஆக, புது வரிசைப் பெயரில் வந்த 7520யு, 2019-இல் அறிமுகமான ஜென் 2 கட்டமைப்பையே சுமந்து வருகிறது. கடையில் இரண்டுமே 'ரைசன் 5, செவன் தௌசண்ட் சீரிஸ்'.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வலுவான 7530யு சிப்பில் இருப்பது பழைய வேகா கிராஃபிக்ஸ். ஏவி1 வகை விடியோவை விரிக்கும் தனி வன்பொருள் அதில் கிடையாது. எளிய 7520யு சிப்பில் புதிய கிராஃபிக்ஸ் இருப்பதால் அது உண்டு. யூடியூப் பல விடியோக்களை ஏவி1 வடிவில் அனுப்புகிறது. அப்போது 'பலவான்' தன் கோர்களை உழைக்கவிட்டு விடியோவை விரிக்க, 'எளியவன்' சிரமமில்லாமல் ஓட்டுவான். ஓடும் விடியோவின் மேல் வலது கிளிக் செய்து, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தால் எந்த வடிவம் வருகிறது என்று தெரியும். எல்லா வேலைக்கும் ஒரே வெற்றியாளர் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்டெல் பக்கம் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். யு என்றால் அடிப்படை மின்திறன் பெரும்பாலும் 15 வாட், பி என்றால் 28, எச் என்றால் 45. 'ஐ5 ட்வெல்த் ஜென்' என்ற ஒரே பெயரில் 1235யு, 1240பி, 12450எச் மூன்றுமே விற்கப்பட்டன. அவை மூன்றும் மூன்று விதமான இயந்திரங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1235யு, 1335யு இரண்டையும் 12-ஆம் தலைமுறை, 13-ஆம் தலைமுறை என்று பிரித்து, பின்னதற்கு ஐந்தாயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். இரண்டிலும் 10 கோர்கள், இரண்டிலும் 12 எம்.பி. கேஷ், இரண்டுக்கும் 15 வாட். உச்ச வேகம் ஒன்றில் 4.4 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 4.6. ஐந்து சதவீதம்கூட முழுதாக இல்லை. இந்த வித்தியாசத்துக்கு ஐந்தாயிரம் தருவதைவிட அந்தப் பணத்தில் ராம் கூட்டுவதையே நான் சொல்வேன்.

ராம்: எவ்வளவு என்பதோடு, எப்படி என்பதும்

8 ஜி.பி. என்று இரண்டு அட்டையிலும் எழுதியிருக்கும். ஒன்றில் அது ஒற்றை 8 ஜி.பி. பட்டையாக இருக்கலாம், மற்றதில் இரண்டு 4 ஜி.பி. பட்டைகளாக இருக்கலாம். முன்னது ஒற்றைச் சேனல், பின்னது இரட்டைச் சேனல். டி.டி.ஆர்.4-3200 வகை ராமில் ஒரு சேனல் நொடிக்கு 25.6 ஜி.பி. தரவைக் கடத்தும், இரண்டு சேனல் 51.2. ரேஷன் கடையில் ஒரே தராசில் எடை போடுவதற்கும் இரண்டு தராசில் போடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. சரக்கு அதேதான், வரிசை மட்டும் வேகமாக நகரும்.

தட்டச்சு செய்யும்போது இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத லேப்டாப்களில் திரையில் படம் வரைவதற்கும் இதே ராமைத்தான் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வெளியே ஒரு பெரிய மானிட்டரை இணைத்தாலோ, விடியோ எடிட் செய்தாலோ, பையன் ஒரு சின்ன கேமைப் போட்டாலோ ஒற்றைச் சேனல் மூச்சுத் திணறும். இன்டெலே இதை ஒப்புக்கொண்டதுபோல ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது: 1235யு சிப்பின் உள்கிராஃபிக்ஸ், ராம் இரட்டைச் சேனலில் இருந்தால்தான் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று பெயர் காட்டும். ஒற்றைச் சேனலில் அதே சிப் 'யு.எச்.டி. கிராஃபிக்ஸ்' என்று இறங்கிவிடும். கடையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜி.பி.யு. பெயரைப் பார்த்தாலே ராம் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று ஊகித்துவிடலாம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'மெமரி'யைத் தொட்டால், வலது கீழ் மூலையில் ராமின் வேகமும் 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' என்ற வரியும் தெரியும். '1 ஆஃப் 2' என்று இருந்தால் ஒரு பட்டை, ஓர் இடம் காலி. பின்னாளில் இன்னொரு 8 ஜி.பி. வாங்கிச் செருகினால் அளவும் கூடும், சேனலும் இரட்டிக்கும். பலகையிலேயே பற்றவைத்த எல்.பி.டி.டி.ஆர். வகை ராம் என்றால் இந்த வரி சில நேரம் '4 ஆஃப் 4', '8 ஆஃப் 8' என்றெல்லாம் விசித்திரமாகக் காட்டும். அதைக் கண்டு மிரள வேண்டாம். ஆனால் பற்றவைத்த ராமைப் பிறகு கூட்ட முடியாது. இரண்டு லேப்டாப்களில் ஒன்றில் காலி ஸ்லாட் இருந்து மற்றதில் இல்லையென்றால், மற்ற எல்லாம் சமமாக இருக்கும்போது நான் யோசிக்காமல் ஸ்லாட் உள்ளதை எடுப்பேன்.

அளவைப் பற்றி ஒரே ஒரு பேச்சு. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது ஏற்றுவதற்கான அளவு, வேலை செய்வதற்கான அளவு வேறு. அதே மைக்ரோசாஃப்ட் 2024-இல் கோபைலட் பிளஸ் பி.சி. என்ற ரகத்தை அறிவித்தபோது 16 ஜி.பி.யைக் குறைந்தபட்சமாக வைத்தது. நான்கைந்து வருடம் ஓட்ட நினைப்பவர்கள் 16-க்குக் கீழே போகாதீர்கள்.

எஸ்.எஸ்.டி.: ஆப்பிள் நடத்திக் காட்டிய பாடம்

ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே கொள்ளளவு. இருந்தும் புது மாடல் பழையதைவிடத் தரவை மெதுவாகப் படித்த கதை ஒன்று உண்டு. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏரில் 256 ஜி.பி. சேமிப்பு, இரண்டு 128 ஜி.பி. சில்லுகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் விற்பனைக்கு வந்த எம்2 மேக்புக் ஏரில் அதே 256 ஜி.பி. ஒற்றைச் சில்லாக மாறியது. இரண்டு சில்லிலிருந்து ஒரே நேரத்தில் படிக்க முடிந்ததை இப்போது ஒன்றிலிருந்துதான் படிக்க வேண்டும். நொடிக்கு 2,900 எம்.பி.யை ஒட்டி இருந்த வாசிப்பு வேகம் கிட்டத்தட்ட பாதியாகியது.

அதனால் எம்2 மோசமான லேப்டாப் ஆகிவிட்டதா? இல்லை. எம்2 சிப் வேகமானது, எடை 1.29 கிலோவிலிருந்து 1.24 ஆகக் குறைந்தது. திரையின் வெளிச்சம் 400 நிட்டிலிருந்து 500 ஆனது. பிரவுசரும் வேர்டும் மட்டும் ஓட்டுபவருக்கு அது எல்லா விதத்திலும் மேல். ஆனால் 8 ஜி.பி. ராம் நிரம்பியதும் கணினி மீதியைச் சேமிப்பகத்தில் இறக்கி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ஸ்வாப் என்பார்கள். அந்த நேரத்தில் சேமிப்பகத்தின் வேகமே ராமின் வேகமாகிவிடுகிறது. பெரிய புகைப்படக் கோப்புகளைக் கும்பலாக ஏற்றுமதி செய்துகொண்டே பத்து டேப் திறந்து வைப்பவருக்குத்தான் குறை தெரிந்தது. 512 ஜி.பி. மாடல் வாங்கியவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. 2024 மார்ச்சில் வந்த எம்3 மாடலில் ஆப்பிள் மறுபடி இரண்டு சில்லுக்குத் திரும்பியது. அதே ஆண்டு அக்டோபரில், விலையை ஏற்றாமல் ஏர் மாடல்களின் அடிப்படை ராமை 16 ஜி.பி. ஆக்கியது. பழைய மேக்புக் ஏர் தேடுபவர்கள் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசலாம்.

விண்டோஸ் உலகில் இது இன்னும் மறைவாக நடக்கும். '512 ஜி.பி. என்விஎம்இ' என்று அட்டை சொல்லும். உள்ளே எந்தக் கம்பெனியின் எந்த மாடல் என்று சொல்லாது. ஒரே மாடல் லேப்டாப்பில் வேறு வேறு கம்பெனி எஸ்.எஸ்.டி. வருவதும் சகஜம். அளந்து பார்க்கக் கிரிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் நான்கு வரிகள் வரும். எல்லோரும் மேல் வரியில் வரும் 3,500, 7,000 என்ற பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்வார்கள். நீங்கள் கடைசி வரியைப் பாருங்கள். சின்னச் சின்ன 4 கே.பி. துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் வேகம் அது. நல்ல எஸ்.எஸ்.டி.யில்கூட அங்கே 40, 60, 80 என்றுதான் இருக்கும். விண்டோஸ் கிளம்புவதும் மென்பொருள் திறப்பதும் பெரும்பாலும் இந்தச் சில்லறைத் துண்டுகளைப் பொறுக்குகிற வேலைதான். மேல் வரியில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்து, கடைசி வரி சமமாக இருந்தால், அன்றாட வேலையில் இரண்டும் சமம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று எழுதும் வேகம். மலிவு எஸ்.எஸ்.டி.கள் முதல் சில ஜி.பி.யைப் படு வேகமாக வாங்கிக்கொள்ளும். உள்ளிருக்கும் தற்காலிக இடம் நிரம்பியதும் சட்டென்று விழும். கல்யாண விடியோ போன்ற 40, 50 ஜி.பி. கோப்புத் தொகுப்பை உள்ளுக்குள்ளேயே நகல் எடுத்து, விண்டோஸ் காட்டும் வரைபடத்தைக் கவனியுங்கள். பாதியில் கோடு பள்ளத்தில் இறங்கினால் விஷயம் புரிந்துவிடும். விடியோ வேலை செய்யாதவர்கள் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

வாட், சூடு, சித்திரை மாதம்

1235யு சிப்புக்கு அடிப்படை 15 வாட், சிறிது நேரத்துக்கு உச்சமாக 55 வாட் வரை போகலாம் என்பது இன்டெல் வகுத்த எல்லை. அந்த எல்லைக்குள் எத்தனை வாட் தொடர்ந்து தருவது என்பதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்கிறது. மெலிதான உடல், ஒற்றை மின்விசிறி என்றால் முதல் அரை நிமிடம் பாய்ந்துவிட்டு 15-க்கு இறங்கிவிடும். கொஞ்சம் தடித்த உடல் கொண்ட இன்னொன்று அதே சிப்பை 25 வாட்டில் சலிக்காமல் ஓட்டும். சிப் பெயரை வைத்துச் செய்யும் ஒப்பீடு இங்கேதான் உடைகிறது.

சோதிக்க, மேக்ஸான் நிறுவனத்தின் சினிபெஞ்ச் மென்பொருளை ஓட்டலாம். ஆர்23 பதிப்பிலிருந்து அது பத்து நிமிடம் விடாமல் ஓடும்படி அமைந்திருக்கிறது. முதல் நிமிடத்தில் டாஸ்க் மேனேஜர் காட்டும் கிகாஹெர்ட்ஸ் எண்ணையும் ஒன்பதாவது நிமிடத்தில் காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு லேப்டாப்களும் 3.5-இல் தொடங்கி, ஒன்று 2.9-இல் நிற்க, மற்றது 2.1-க்கு விழுந்தால், நீண்ட வேலையில் எது முந்தும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நிதானம் வேண்டும். அன்றாட வேலையில் பத்து நிமிடம் சிப்பை முழுவதுமாக உழைக்க வைப்பவர் எத்தனை பேர்? மெயில் திறப்பது, பக்கம் ஏற்றுவது, கோப்பு சேமிப்பது எல்லாம் இரண்டு நொடிப் பாய்ச்சல்கள். அவற்றுக்கு அந்த முதல் அரை நிமிட வேகமே போதும். நீண்ட நேரச் சூட்டுச் சோதனை மூன்று பேருக்கு முக்கியம்: விடியோ எடிட் செய்பவர், பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்யும் பொறியியல் மாணவர், ஏசி இல்லாத அறையில் மணிக்கணக்கில் ஆன்லைன் வகுப்பு எடுக்கும் ஆசிரியர். மூன்றாமவரை யாரும் நினைப்பதில்லை. விடியோ அழைப்பு என்பது கேமரா, திரைப் பகிர்வு, பின்னணி மங்கலாக்கல், ஒலிச் சுத்திகரிப்பு எல்லாம் சேர்ந்து நிற்காமல் ஓடும் வேலை. வேலூரிலோ மதுரையிலோ சித்திரை, வைகாசி மாதத்தில் அறையே 36, 38 டிகிரியில் இருக்கும்போது, ஏசி போட்ட ஷோரூமில் எடுத்த அளவுக்கு மதிப்பு குறைவு. இரண்டையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி மேசை மேல் வைத்துச் சோதியுங்கள். மெத்தை மேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். பிறகு எந்த அளவும் நம்பத்தக்கதல்ல.

விசிறிச் சத்தமும் செயல்திறனில் சேர்த்திதான் என்பது என் வாதம். இரைச்சலைத் தாங்காமல் 'சைலன்ட் மோடு' போட்டுவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் உங்களுக்கு இல்லை.

சமப்படுத்தாமல் அளக்காதீர்கள்

புது லேப்டாப்பை வாங்கி வந்த அன்றே ஒப்பிடுவது வீண். பின்னால் விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும். கோப்புகளுக்குத் தேடல் அட்டவணை தயாராகிக்கொண்டிருக்கும். கூடவே வந்த சோதனைக் கால ஆன்ட்டிவைரஸ் எல்லாவற்றையும் துருவிக்கொண்டிருக்கும். எல்லா அப்டேட்டும் முடித்து, ஒருநாள் சார்ஜரில் போட்டு விட்டுவிட்டு, மறுநாள் தொடங்குங்கள்.

இரண்டிலும் ஒரே விண்டோஸ் பதிப்பு, ஒரே பிரவுசரின் ஒரே பதிப்பு, ஒரே ஆன்ட்டிவைரஸ் இருக்க வேண்டும். 'பவர் மோடு' இரண்டிலும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். கம்பெனியின் சொந்தச் செயலியில் விசிறிக்கும் வேகத்துக்கும் தனி அமைப்பு இருக்கும், அதையும் பாருங்கள். டிஸ்க் என்கிரிப்ஷன் ஒன்றில் இயங்கி மற்றதில் இயங்காமல் இருந்தால் எஸ்.எஸ்.டி. எண்கள் மாறும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது இது பெரும்பாலும் தானே இயங்கத் தொடங்கிவிடுகிறது என்பதால் கவனம் தேவை. சார்ஜர் செருகி ஒருமுறை, கழற்றி ஒருமுறை என்று இரண்டு விதமாகவும் அளவெடுங்கள். சார்ஜரில் புலியாக இருந்து பேட்டரியில் பூனையாகும் மாடல்கள் உண்டு.

ஷோரூமில் இருக்கும் டெமோ பீஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் விளம்பரப் படம் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும், திரை வெளிச்சம் உச்சத்தில் இருக்கும், சார்ஜர் கழற்றப்பட்டதே இருக்காது. வேகத்தை அதில் அளக்க முடியாது. ஆனால் ஸ்லாட், ஜி.பி.யு. பெயர், கீபோர்டு, திரை இவற்றை அதில்தான் பார்க்க முடியும். பார்த்தபின், மேசையில் இருப்பதன் மாடல் எண்ணும் உங்களுக்குத் தரும் பெட்டி மேல் உள்ள எண்ணும் கடைசி எழுத்து வரை பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அந்தக் கடைசி எழுத்துகளில்தான் ராமும் திரையும் மாறும்.

உங்கள் வேலையே சோதனை

எண் கொடுக்கும் மென்பொருள்களில் பிரவுசருக்கு ஸ்பீடோமீட்டர் நல்லது. 2024-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பை ஆப்பிள், கூகுள், மொசில்லா சேர்ந்து உருவாக்கினார்கள். பிரவுசரிலேயே ஓடும், நிறுவ வேண்டியதில்லை. அதோடு எண்களை நிறுத்திவிட்டு உங்கள் சொந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பரிந்துரைக்கும் தொகுப்பு இது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து ஸ்கேன் செய்த பழைய நூல் ஒன்றை, முந்நூறு பக்கத்துக்கு மேல் உள்ளதாக, இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு படம் என்பதால், வேகமாக உருட்டினால் நல்ல இயந்திரத்திலும் வெள்ளைப் பக்கம் எட்டிப்பார்க்கும். எவ்வளவு நேரம் எட்டிப்பார்க்கிறது என்பதே அளவு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாள் முழுவதும் செய்வது இதைத்தான். அடுத்து, ஐம்பதாயிரம் வரி உள்ள எக்செல் தாளில் ஒரு விலுக்அப் சூத்திரத்தை முழு நெடுவரிசைக்கும் இழுத்துவிட்டு, கணக்கு முடியும் நேரத்தைக் கைபேசி ஸ்டாப்வாட்ச்சில் பிடியுங்கள். கடைசியாகக் கலவைச் சோதனை: கூகுள் மீட்டில் திரையைப் பகிர்ந்துகொண்டு, பிரவுசரில் பதினைந்து டேப் திறந்து வைத்து, வேர்டில் தமிழ் தட்டச்சு செய்யுங்கள். எழுத்து விரலோடு வருகிறதா, ஒரு கணம் பிந்தி மொத்தமாக வந்து விழுகிறதா? முந்தைய பகுதிகளில் சொன்ன எல்லா உறுப்புகளின் குறையும் இந்த ஒரே இடத்தில் வெளிப்பட்டுவிடும்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து நடு எண்ணை எடுங்கள். முதல் முறை எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். இரண்டாம் முறை கோப்பு ஏற்கெனவே ராமில் இருக்கும்.

கணினி கிளம்பும் நேரத்தை ஒப்பிடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் இயங்குதளத்தின் கருப்பகுதி வட்டில் பத்திரப்படுத்தப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழுகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுவதும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ரீஸ்டார்ட் நேரத்தை ஒப்பிடுங்கள். என்னைக் கேட்டால், மூடியை மூடித் திறந்து வேலை செய்பவர்களுக்கு இந்த எண்ணே தேவையில்லை. அதைவிட, இரவு மூடி வைத்து காலையில் திறந்தால் எத்தனை சதவீதம் சார்ஜ் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். தூக்கத்திலும் அரைகுறையாக விழித்திருக்கும் வகை லேப்டாப்களில் சில, பைக்குள்ளேயே சூடாகிப் பேட்டரியைக் கரைத்துவிடும். காலையில் வகுப்புக்குப் போய்த் திறக்கும்போது 40 சதவீதம் இருந்தால், எவ்வளவு வேகமான சிப் இருந்து என்ன?

'ஸ்லோ' என்ற புகாரில் பாதி வை-ஃபையால் வருவது. மலிவு மாடல்களில் ஒற்றை ஆன்டெனா வை-ஃபை அட்டை வைப்பார்கள். ஒரே ரவுட்டரிலிருந்து ஒரே தூரத்தில் இரண்டையும் வைத்து, நெட்வொர்க் அமைப்பில் காட்டும் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். ஒன்றில் 433, மற்றதில் 866 அல்லது 1,201 என்றிருந்தால் காரணம் அதுதான்.

பேட்டரிக் கணக்கு

விளம்பரத்தில் வரும் 'பத்து மணி நேரம்' என்பதை மறந்துவிட்டு வாட்-மணி எண்ணைப் பாருங்கள். 42 வாட்-மணி பேட்டரி, சாதாரண இணைய வேலைக்கு 7 வாட் இழுக்கும் லேப்டாப் என்றால், 42-ஐ 7-ஆல் வகுத்தால் 6 மணி நேரம். 50 வாட்-மணி இருந்தும் 10 வாட் இழுத்தால் 5 மணிதான். பெரிய பேட்டரி உள்ளது தோற்கும் கணக்கும் உண்டு.

ஒப்பிடும்போது திரை வெளிச்சத்தை இரண்டிலும் '50 சதவீதம்' என்று வைப்பது தவறு. ஒன்றின் உச்சம் 250 நிட், மற்றதன் உச்சம் 400 நிட் என்றால் இரண்டின் பாதியும் வேறு வேறு. இரண்டிலும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து அருகருகே வைத்து, கண்ணுக்குச் சமமாகத் தெரியும்வரை திருகுங்கள். எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இயங்கினால், சோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

பேட்டரியின் உண்மை நிலையை விண்டோஸே சொல்லும். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பவர்-சி-எஃப்-ஜி என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரி-ரிப்போர்ட் என்று ஒட்டி எழுதி என்டர் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும்; எங்கே சேமித்தது என்பதையும் காட்டும். அதில் வடிவமைத்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு என இரண்டு எண்கள் இருக்கும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப்களை ஒப்பிடும்போது மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைத்தான் நான் பார்ப்பேன்.

எண்களை எடைபோடுதல்

கையில் இப்போது ஒரு தாள் நிறைய எண்கள் இருக்கும். எது பொருட்டு, எது பொருட்டல்ல?

இடைமுக ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் தொகுத்துச் சொன்ன மூன்று எல்லைகள் இங்கே உதவும். 0.1 நொடிக்குள் நடப்பது உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் மனம் வேறு பக்கம் போய்விடும். ஒரு வேலை ஒன்றில் 0.4 நொடியும் மற்றதில் 0.6 நொடியும் எடுத்தால், காகிதத்தில் 50 சதவீத வித்தியாசம், உங்களுக்கு ஒன்றுமில்லை. ஒன்றில் 8 நொடியும் மற்றதில் 13 நொடியும் என்றால் அது ஒவ்வொரு முறையும் உறுத்தும். ஆகவே தாளில் உள்ள எண்களில் எல்லையைத் தாண்டுகிறவற்றை மட்டும் வட்டமிடுங்கள். மற்றதை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் மூன்றோ நான்கோதான் மிஞ்சும்.

எதுவுமே மிஞ்சவில்லையென்றால் இரண்டும் வேகத்தில் சமம். அப்போது திரைக்கு வாருங்கள். '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று போட்ட திரை, சாதாரண எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். பட்டுப்புடவை படம் எடுத்து இணையத்தில் விற்பவருக்கு அது ஆகாது, கணக்கு எழுதுபவருக்கு ஆகும். பிறகு கீபோர்டு. பிறகு உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பது.

டியூஷன் சென்டருக்கோ சிறு அலுவலகத்துக்கோ எட்டு, பத்து இயந்திரம் வாங்குபவர்களுக்கு மட்டும் இன்னொரு யோசனை. இரண்டு மாடலிலும் ஒவ்வொன்று மட்டும் முதலில் வாங்குங்கள். எப்படியும் இரண்டும் பயன்படும். ஒரு வாரம் ஒரே ஊழியரிடம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். எது வேகம் என்று கேட்காமல், எதைத் திருப்பித் தரத் தயங்குகிறார் என்று பாருங்கள். மிச்சம் எட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, ராம் ஸ்லாட் விவரத்தையும் எஸ்.எஸ்.டி. மாடலையும் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; முதல் பெட்டியில் இருந்ததே பத்தாவது பெட்டியிலும் இருக்கும் என்பதற்கு வேறு உத்தரவாதம் கிடையாது.